வியேர் 88பி: 80 பி.எஸ்.ஐ. கேட்கும் வேனுக்குத் தாங்குமா?

காருக்கு 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடித்துப் பழகியவருக்கு ஃபியட் டுகாட்டோ கேம்பர் வேனின் எண்ணைப் பார்த்தால் தூக்கிவாரிப்போடும். 225/75 ஆர்16 சிபி டயருக்குப் பின் அச்சில் 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ. ‘சிபி’ என்றால் கேம்பர் வண்டிக்கென்றே வலுவூட்டிய டயர். கட்டில், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருப்பதால், வண்டி ஓடினாலும் நின்றாலும் பின் அச்சின் மேல் சுமை குறைவதே இல்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குட்டி பம்புகளின் அட்டையில் 150 என்று போட்டிருக்கும்; 50ஐத் தாண்டும்போதே பலவற்றுக்கு மூச்சு வாங்கும்.

அந்தச் சிக்கலுக்குப் பலர் வாங்குவது அமெரிக்க நிறுவனமான வியேரின் 88பி என்னும் காற்றடிக்கும் கம்ப்ரசர். உச்ச அழுத்தம் 120 பி.எஸ்.ஐ., மின்னோட்டம் 20 ஆம்பியர். ஆகவே லைட்டர் துளையில் செருகும் வேலையே இல்லை. கவ்விகளை நேரே பேட்டரியில் மாட்ட வேண்டும். டுகாட்டோவில் பேட்டரி கேபின் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. முதல் தடவை மூடியைக் கழற்றிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, மழையில் தேடுவது சுகமில்லை. காற்றுக் குழாய் 16 அடி. நீளமான டுகாட்டோவின் இரு அச்சுகளுக்கும் இடையே 4,035 மி.மீ., சுமார் 13 அடிதான். கம்ப்ரசரை முன் சக்கரத்தருகே வைத்தால் அதே பக்கத்துப் பின் சக்கரத்தை எட்டிவிடும்.

வேகத்தை விளம்பரத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். நிமிடத்துக்கு 1.47 கன அடி, அதாவது சுமார் 42 லிட்டர் என்பது எதிரழுத்தமே இல்லாதபோது வருவது. இந்த அளவு டயரை 70இலிருந்து 80க்கு ஏற்றச் சுமார் 40 லிட்டர் காற்று வேண்டும். கணக்குப்படி ஒரு நிமிடம். ஆனால் எதிரே 70 பி.எஸ்.ஐ. தள்ளிக்கொண்டிருக்கும்போது வரத்து வெகுவாகக் குறைவதால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நிமிடம் தொடர்ந்து ஓடும் என்ற உறுதிமொழியும் 30 பி.எஸ்.ஐ.க்கு உரியது. 80இல் சூடு சீக்கிரம் ஏறும். இரண்டு டயருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடு மிஞ்சினால் தானே அணையும் பாதுகாப்பு இருக்கிறது, அதை நம்பி ஓட்டுவது மோட்டாருக்கு நல்லதல்ல. ஓடும்போது வண்டி எஞ்சினும் ஓடட்டும்.

இதன் பலவீனம் அழுத்தம் காட்டும் அளவிதான். காற்று பாயும்போது குழாயில் உள்ள முள் டயருக்குள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நிறுத்தினால்தான் உண்மை தெரியும். குறித்த அழுத்தத்தில் தானே நிற்கும் வசதியும் கிடையாது. திருகி மாட்டும் முனை என்பதால் கழற்றும்போது கொஞ்சம் காற்று புஸ்ஸென்று போகும். ஆகவே தனியாக ஒரு டிஜிட்டல் அளவி வாங்கிக்கொள்ளுங்கள், 100 பி.எஸ்.ஐ. வரை காட்டுவது வேண்டும், காருக்கான 60 பி.எஸ்.ஐ. அளவி இங்கே உதவாது. 82 வரை அடித்து, கழற்றி, அளந்து, மிச்சத்தை இறக்குவதே எளிது.

அளப்பது காலையில், வண்டி நகர்வதற்கு முன். 80 பி.எஸ்.ஐ. டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. மாறும். நெடுஞ்சாலையில் ஓடி நின்றபின் 90 காட்டுகிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலை குறைவழுத்தத்தோடு கிளம்புவீர்கள். டயரின் பக்கச்சுவர் அதிகம் மடிந்து சூடாகி வெடிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்த கம்ப்ரசரை வாங்கினாலும் அதற்கு முன் வால்வைப் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு (டிஆர்413) 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். டயர் மாற்றும் கடையில் பழக்கதோஷத்தில் அதையே போட்டுவிடுவதுண்டு. 80க்கு உலோக வால்வு கட்டாயம். அச்சு எடையைத் தண்ணீர், சாமான், ஆட்களோடு எடைமேடையில் போட்டுப் பார்த்து டயர் நிறுவனத்திடம் கேட்டால், முன் சக்கரத்துக்குக் குறைந்த எண் சொல்லக்கூடும். வண்டி குலுங்குவதும் குறையும். சொல்லாமல் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை ஐந்து பத்து பி.எஸ்.ஐ. சரிசெய்ய மட்டும் என்றால் 88பி போதும், கொடுத்த காசுக்கு வஞ்சமில்லை. மணலில் ஓட்டக் காற்றை இறக்கி, நான்கு டயரையும் மீண்டும் 80க்கு ஏற்றுபவருக்கு இது வேண்டாம். அவர் அதே நிறுவனத்தின் 400பியைப் பார்க்கலாம்: 150 பி.எஸ்.ஐ., நிமிடத்துக்கு 2.3 கன அடி, 100 பி.எஸ்.ஐ.யில் 15 நிமிட ஓட்டத்துக்கு 30 நிமிட ஓய்வு. 30 ஆம்பியர் இழுக்கும், பையும் பெரிது.