சீரியல் எண் மாறவில்லை, உள்ளே இருந்த மைக் மாறிவிட்டது: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஒலிப்பதிவாளர்கள் கவனத்துக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குறும்படம், ஆவணப்படம், தொழிற்சாலைகளுக்கான விளம்பரப் படம் என்று படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்து பிழைக்கும் நாம், மைக்கைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணை ரசீதில் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நம்பி வந்திருக்கிறோம். அந்த எண் அப்படியே இருக்க, மைக் மட்டும் களவு போக முடியும் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் கொடுத்தது, பூம் எனும் நீண்ட கம்பின் நுனியில் மாட்டிப் பேசுபவரை நோக்கி நீட்டும் சென்ஹைசர் எம்.கே.ஹெச். 416 மைக். இத்தொழிலில் இருப்பவர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பாலக்கோடு அருகே ஒரு படப்பிடிப்பில் பூம் கம்பு சாய்ந்து விழுந்ததில் மைக்கின் பின்முனையில் கேபிளை மாட்டும் எக்ஸ்எல்ஆர் இணைப்பு தளர்ந்துவிட்டது. கேபிளை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. பெங்களூருக்கு நேரில் போய்வந்தால் ஒரு நாள் வேலை கெடும் என்பதால், கருவிகளைக் கிருஷ்ணகிரியிலேயே பெற்றுக்கொண்டு பெங்களூருக்கு அனுப்பிச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஒரு கடையை நம்மில் பலரும் நாடுகிறார்கள். நானும் அங்கேதான் கொடுத்தேன். மைக்கின் பெயர், எண், குறை ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கினேன். எண் தெரியும்படி படமும் எடுத்துக்கொண்டேன். சில நாள் கழித்து, உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது, ‘ஃபுல் சர்வீஸ்’ செய்தால்தான் நிற்கும் என்று தொலைபேசியில் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டார்கள். மைக்கைத் திறப்பதற்கு என் ஒப்புதலைப் பெறும் தந்திரம் அது என்று இப்போது விளங்குகிறது.

திரும்பி வந்த மைக்கில் அதே குழாய், அதே கீறல், அதே எண். இணைப்பும் உறுதியாக இருந்தது. கடையில் ரெக்கார்டரில் மாட்டிப் பேசிப் பார்த்தபோது குரல் கேட்டது. தெருவை ஒட்டிய கடையில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே, அதற்கு மேல் எதையும் கேட்டறிய எவராலும் முடியாது.

அடுத்து வந்த வேலை, ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளைப் பற்றிய ஓர் ஆவணப்படம். பரிசலில் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டியிருப்பதால் சட்டைக்குள் பொருத்தும் லேப்பல் மைக்கில் உரசல் சத்தமே மிகுதியாக விழும் என்பதை அறிந்து, பூம் மைக்கையே முதன்மையாக வைத்திருந்தோம். சாரல் காற்றோடு வந்து படியும் பாறையோரத்தில் பதிவு தொடங்கிச் சற்று நேரத்தில், ஹெட்போனில் படபடவென்று பொரியும் சத்தம் கேட்டது. அருவியின் இரைச்சல் ஒரே சீரானது. மைக்கை நெருக்கிப் பிடித்தும் திசையை மாற்றியும் அதிலிருந்து குரலை ஓரளவு பிரித்தெடுத்துவிடலாம். இதுவோ குரலின் மீதே விழுந்த வெடிப்பு. கேபிளை மாற்றினோம், ரெக்கார்டரில் வேறு சேனலுக்குப் போனோம், கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவரை அணைத்துப் போட்டோம், பயனில்லை. மைக்கை வெயிலில் காயவைத்தால் சத்தம் நின்றது, சாரலுக்குக் கொண்டுபோனால் மீண்டும் வந்தது. மூத்த பரிசல் ஓட்டி ஒருவர், பெருவெள்ளம் வந்த ஆண்டுகளைப் பற்றி மனம்விட்டுச் சொன்னவை பெரும்பாலும் வீணாயின. அதே பேச்சை அதே மனநிலையில் அவரை மறுபடியும் பேசவைக்க முடியுமா? தயாரிப்பாளர் என் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வெடிப்புதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. சாதாரணக் கண்டன்சர் மைக்கில், ஒலியை வாங்கும் கேப்ஸ்யூல் மிக உயர்ந்த மின்தடையில் இயங்குகிறது. அதன் மீது ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து இப்படிப் பொரியும். எம்.கே.ஹெச். வகை மைக்குகளில் கேப்ஸ்யூல் ஓர் உயர் அதிர்வெண் சுற்றின் பகுதியாக, குறைந்த மின்தடையில் இயங்குவதால், ஈரக் காற்றை அவை நன்றாகத் தாங்கும். மழைக்காட்டிலும் கடற்கரையிலும் பணியாற்றுவோர் 416-ஐ விரும்புவதற்கு இதுவே காரணம். என் மைக்கே முன்பு இதே ஒகேனக்கல்லில், இதைவிடக் கனத்த சாரலில், முணுமுணுக்காமல் உழைத்திருக்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த மைக் அதைவிட மோசமாக நடந்துகொள்கிறது என்றால், சர்வீஸில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டியிருந்தது.

சேலத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடமும் 416 உண்டு. இரண்டையும் அருகருகே நிறுத்தி, ஒரே ரெக்கார்டரில், ஒரே கெயின் (ரெக்கார்டர் ஒலியைப் பெருக்கும்) அளவில், ஒரு மீட்டர் தூரத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பிப் பதிவு செய்தோம். என் மைக்கின் அளவு ஏறத்தாழ 10 டெசிபெல் தாழ்ந்திருந்தது. அதை ஈடுகட்டக் கெயினை ஏற்றினால் அடியில் ‘உஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறியது. 416-இன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட், அதன் சொந்த இரைச்சல் 13 டெசிபெல் என்று சென்ஹைசர் நிறுவனம் தரும் விவரக்குறிப்பே சொல்கிறது. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு மைக்குகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு வர வழியில்லை. பின்னர் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் என் கண் முன்னே திறந்தார்கள். உள்ளே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சாதாரணக் கண்டன்சர் வகையைச் சேர்ந்த எலக்ட்ரெட் கேப்ஸ்யூலும் விரல் நகம் அளவு ஒரு சர்க்யூட் பலகையும் இருந்தன. இது எங்கள் உள்பாகம் அன்று என எழுத்தில் தந்தார்கள்.

கடைக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. “சார், நம்பர் உங்களோடதுதானே? நீங்க வாங்கும்போதே டூப்ளிகேட்டா இருந்திருக்கும், எங்களை ஏன் சார் கேக்கறீங்க?” என்றார். சந்தையில் போலி 416-கள் உலவுவது அனைவருக்கும் தெரிந்த செய்தி என்பதால், அந்தப் பதில் அவருக்கு எளிதாக வாய்த்துவிட்டது. அதை முறியடித்தவை என் பழைய பதிவுகள். எந்த வேலைக்கும் முன்னால் அறையின் அமைதியைச் சிறிது நேரம் பதிவு செய்து, கெயின் அளவைக் கோப்பின் பெயரிலேயே எழுதுவது என் வழக்கம். கொடுப்பதற்கு முந்தைய கோப்பையும் திரும்பி வந்த பிறகு அதே அறையில் எடுத்த கோப்பையும் ஒட்டிப் பார்த்தால் வேறுபாடு செவிக்கே தெரிகிறது.

ஆகவே, எந்தக் கடையில் கொடுப்பதானாலும், முதல் நாள் இரவு கதவுகளை அடைத்து, ஓர் ஒலிபெருக்கியிலிருந்து அளந்த தூரத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும், பிறகு வெறும் அமைதியையும் 24 பிட் கோப்பாகப் பதிவு செய்து, கெயினையும் தூரத்தையும் குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதே இடத்தில், அதே அளவுகளில் மீண்டும் எடுங்கள். எடுத்துப் பார்க்கும் வரை முழுத் தொகையையும் கொடுக்க வேண்டாம். திறக்க வேண்டும் என்று கேட்டால், திறந்த நிலையில் உள்பாகத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் மைக்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்ததோடு நுகர்வோர் ஆணையத்தையும் அணுகியிருக்கிறேன். தொழிலுக்கான கருவி என்பதால் நாம் நுகர்வோர் ஆக மாட்டோம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கி வைக்கவில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கடைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இம்மாவட்டங்களில் அண்மைக் காலத்தில் ‘ஃபுல் சர்வீஸ்’ என்ற பெயரில் மைக்கைத் திறக்கக் கொடுத்தவர்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், இன்னொருவருடைய மைக்கோடு வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணையத்தில் மனுச் செய்வதற்குச் சட்டம் தரும் காலம் 2 ஆண்டுகள். ரசீதையும் பழைய ஒலிக்கோப்புகளையும் அதுவரை அழிக்காதீர்கள்.