மூணு டிராக்கிங் சாப்ட்வேர், கணக்கு ஒண்ணுதான்

சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல வர்ற நேரத்த எந்த சாப்ட்வேர் கரெக்ட்டா காட்டும்னு அமெச்சூர் ரேடியோ கூட்டாளிங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அதான் ரெண்டு வாரமா மூணையும் ஒண்ணா வச்சு பாத்தேன், லேப்டாப்புல ஜிபிரெடிக்ட், பழைய விண்டோஸ்ல ஆர்பிட்ரான், ஹேண்ட்போன்ல லுக்4சாட். இடம் மலேசியாவுல சுங்கை சிப்புட், எங்க தோட்டத்து பள்ளித் திடல். வீட்டு வாசல்ல சரிவராது, சுத்தி செம்பனை, அடிவானத்துலேர்ந்து 15 டிகிரிக்கு கீழ எதுவும் காதுல விழாது.

ஒரே டிஎல்இ (சாட்டிலைட்டோட பாதைய சொல்ற ரெண்டு வரி நம்பர்) போட்டா மூணும் ஒரே நேரத்ததான் சொல்லுது, மிஞ்சிப்போனா ரெண்டு செகண்டு முன்ன பின்ன. உள்ள ஓடுறது எல்லாத்துலயும் எஸ்ஜிபி4ங்கிற ஒரே கணக்கு முறைதான் லா.

மாட்டிக்கிறது டிஎல்இ பழசானாத்தான். ஆர்பிட்ரான்ல மூணு வாரத்து டிஎல்இ அப்படியே கெடந்துச்சு, மாத்த மறந்துட்டேன். ஐஎஸ்எஸ், அதாவது சர்வதேச விண்வெளி நிலையம், ராத்திரி 7.42க்கு எழும்னு அது சொன்னத நம்பி யாகி ஆன்டெனாவ தூக்கிக்கிட்டு மெதுவா நடக்குறேன், திடல் கேட்டு கிட்ட போகல, ரேடியோ செட்டுல 437.800 மெகாஹெர்ட்ஸ்ல ஐஎஸ்எஸ் வழியா ஆளுங்க பேசுற சத்தம் வந்துருச்சு! அன்னிக்கு காலைல புது டிஎல்இ எறக்கின ஜிபிரெடிக்ட்ல நேரம் டாண்ணு இருந்துச்சு. 400 கிலோமீட்டர் ஒசரத்துலயும் காத்து கொஞ்சம் இருக்கு, அது இழுக்க இழுக்க ஐஎஸ்எஸ் எறங்கிக்கிட்டே வரும், அப்பப்ப எஞ்சின் போட்டு மேல தள்ளுவாங்க, பழைய டிஎல்இக்கு இது எப்படி தெரியும்?

கடிகாரத்தையும் பாத்துக்குங்க. ஐஎஸ்எஸ் செகண்டுக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, லேப்டாப் 20 செகண்டு பிந்தி இருந்தா 150 கிலோமீட்டர் தப்பு. ஹேண்ட்போன் நெட்வர்க்ல நேரம் எடுத்துக்கும், அந்த தொல்லை இல்ல. ஊரையும் சரியா போடணும், கோலாலம்பூர்னு விட்றாதீங்க, எங்களுக்கு 4.8 வடக்கு, 101.1 கிழக்கு.

டாப்ளருக்கு (சாட்டிலைட் ஓடுற வேகத்தால அலைவரிசை மாறுறதுக்கு) ஜிபிரெடிக்ட் தான் எனக்கு புடிச்சது. எழும்போது 437.810ல வச்சா குரல் சுத்தமா இருக்கும், தலைக்கு மேல வரும்போது 437.800, எறங்கும்போது 437.790, அந்த நம்பர் கண்ணு முன்னாடி மாறிக்கிட்டே இருக்கும். ஆர்பிட்ரான் மேப் அழகு, ஆனா கடைசி வெர்ஷன் 2005ல வந்தது. திடலுக்கு போறவங்களுக்கு லுக்4சாட் போதும், கிளம்புறதுக்கு முன்ன டேட்டாவ எறக்கிட்டா அப்புறம் லைன் இல்லாமலே ஓடும்.

புதுசா பழகுறவங்க ஐஓ-86ல ஆரம்பிங்க. இந்தோனேசியாவோட சாட்டிலைட், 2015ல விட்டது, பூமத்திய ரேகைக்கு 6 டிகிரி சாய்வுலயே சுத்துறதால நம்ம பக்கம் ஒரு நாளைக்கு 14 தடவ கிட்ட வரும், ஒண்ணு தப்பினாலும் ஒன்ற ரெண்டு மணி நேரத்துல அடுத்தது. 650 கிலோமீட்டர் ஒசரம், அதனால டிஎல்இ சீக்கிரம் கெடாது. அதுக்கு வாரம் ஒருக்கா மாத்துறேன், ஐஎஸ்எஸ்க்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா.