வீட்டுக்கே வந்து எடுக்குற பிரெக்னன்சி கிளாட்டிங் (ரத்தம் உறையுற) டெஸ்ட் பேக்கேஜ்: பிளட் எடுத்த தம்பிக்கு 5 ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு 2

லேப் பேரை போடல, சண்டை போட தெம்பில்ல, மடியில கைக்குழந்தை. மாசமா இருக்குறவங்க யாராச்சும் இந்த மாதிரி பேக்கேஜ் புக் பண்ண போறீங்கன்னா ஒரு தடவ இதை படிச்சுட்டு பண்ணுங்க.

என் சித்தி பொண்ணுக்கு பிரசவம் ஆன பத்தாம் நாள் கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டி வந்து வயித்துல ரத்தம் உறையாம தடுக்குற ஹெப்பாரின் ஊசி போட்டுக்கிட்டு கிடந்தா. அதை பாத்த பயத்துல எங்க வீட்டுக்காரர் என் 34வது வாரத்துல, டாக்டரை ஒரு வார்த்தை கேக்காமலே 4,800 ரூவாக்கு புக் பண்ணிட்டார். டி-டைமர் (உறைஞ்ச ரத்தம் கரையுறப்ப வர்ற துணுக்கு), ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறைய வைக்குற புரதம்), புரோட்டீன் எஸ், பிளேட்லெட், இன்னும் என்னென்னமோ.

வந்த தம்பிய குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. சொன்ன டைமுக்கு வந்தாப்ல, நீல மூடி டியூப்ல ரத்தம் கோடு வரைக்கும் ஏறலன்னு அதை ஓரமா வச்சுட்டு இன்னொரு டியூப் எடுத்தாப்ல. அத்தை "எம்புட்டு ரத்தம்யா எடுப்பீக, புள்ளத்தாச்சி பொண்ணு"ன்னு சத்தம் போட்டாங்க. அவர் பொறுமையா, உள்ள இருக்குற சிட்ரேட் மருந்துக்கு ஒன்பது மடங்கு ரத்தம் இருந்தாதான் கணக்கு சரியா வரும் அக்கா, குறைஞ்சா உறையுற நேரம் தப்பா காட்டும்னு சொன்னாப்ல. இதுக்கே அஞ்சு ஸ்டார்.

ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்துச்சு பாருங்க, பக்கம் பூரா செவப்பு. டி-டைமர் 1640, 500க்கு கீழ இருக்கணுமாம். ஃபைப்ரினோஜன் 520, 400க்கு மேல போகக்கூடாதாம். புரோட்டீன் எஸ் கம்மி, பிளேட்லெட் 1.38 லட்சம் அதுவும் கம்மி. இது பத்தாதுன்னு சித்தி பொண்ணு தன்னோட பழைய ரிப்போர்ட்டை தேடி எடுத்து அனுப்புறா, கட்டி வந்தப்பவே அவளுக்கு டி-டைமர் 610 தானாம். அப்ப எனக்கு? அன்னைக்கு வீட்ல ஒருத்தரும் தூங்கல. கஸ்டமர் கேர்ல "டாக்டர்கிட்ட கன்சல்ட் பண்ணிக்கோங்க மேம்"னு சொல்லிட்டு அதே மூச்சுல அட்வான்ஸ் பேக்கேஜ் 15 பர்சென்ட் ஆஃபர்ல இருக்குன்னாங்க, எனக்கு வந்த கோவத்துக்கு...

காலைல டாக்டர் பாத்துட்டு மொதல்ல கேட்டது "யாரும்மா இதை எடுக்க சொன்னது?" கால்ல வீக்கம் வலி இருக்கா, மூச்சு வாங்குதானு கேட்டு ரெண்டு காலையும் அமுக்கி பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உடனே ஓடி வா, அப்ப நான் கால் ரத்தக்குழாய பாக்குற டாப்ளர் ஸ்கேன் தான் பாப்பேன், இந்த நம்பரை வச்சு முடிவு பண்ண மாட்டேன்னாங்க. கர்ப்பப்பைக்கு கடைசி மாசத்துல நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் போகுமாம், நஞ்சுக்கொடி பிரியுறப்ப அத்தனை குழாயும் திறந்து கிடக்கும், அதுக்காக உடம்பு முன்கூட்டியே ரத்தம் உறையுற சாமானை எல்லாம் ஏத்தி வச்சுக்குதாம். அதனால மாசம் ஏற ஏற டி-டைமரும் ஃபைப்ரினோஜனும் கூடும், உறைய விடாம தடுக்குற புரோட்டீன் எஸ் குறையும். செவப்புல இருந்த அத்தனையும் இந்த மாசத்துக்கு இயல்பாம். பிளேட்லெட்டை மட்டும் ரெண்டு வாரத்துல திரும்ப பாப்போம், லட்சத்துக்கு கீழ போய் பிபியும் ஏறுனா அது வேற கதைன்னாங்க. சித்தி பொண்ணோட 610 வேற யூனிட்டாம், டி-டைமரை ரெண்டு விதமா அளப்பாங்களாம், அவளுது டிடியு என்னுது எஃப்இயு, அவளுதை கிட்டத்தட்ட ரெண்டால பெருக்கித்தான் என்னுதோட வைக்கணுமாம். இது எங்க போய் எங்களுக்கு தெரியும்?

இதைவிட என்னை உலுக்குனது இன்னொண்ணு. ஃபைப்ரினோஜன்ல 200ல இருந்து 400 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கான் பாருங்க, பிரசவத்துல ரத்தம் நிக்காம போயிட்டு இருக்குற ஒருத்திக்கு 210 வந்தா இதே பேப்பர் அதை கருப்புல நார்மல்னு அடிச்சு குடுத்துரும், ஆனா எனக்கு அது அபாய மணி, 200க்கு கீழ இறங்கிட்டா பெரிய ரத்தப்போக்கு ஆயிரும்னு கைய பெசைஞ்சுக்கிட்டு நிப்பேன்னு சொன்னாங்க டாக்டர். அப்ப எனக்கு காட்டுன செவப்பும் வேஸ்ட்டு, அவளுக்கு காட்டுற கருப்பும் வேஸ்ட்டு. இத்தனைக்கும் புக் பண்றப்பவே எல்எம்பி தேதி (கடைசியா மாதவிடாய் வந்த தேதி) கேட்டு வாங்கி, ரிப்போர்ட் தலையில "கர்ப்பம்: 34 வாரம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கேட்டு வாங்குன வாரத்துக்கு ஏத்த மாதிரி கீழ நார்மல் அளவை போடணும்னு மட்டும் தோணல.

புரோட்டீன் எஸ் மாசமா இருக்குறப்ப எடுக்குறதே வீண், வேணும்னா பிரசவம் ஆகி ஆறு வாரமாச்சும் போகட்டும்னு டாக்டர் சொன்னாங்க. நமக்கு மனசு கேக்குமா, சுகப்பிரசவம் ஆகி மூணு மாசம் கழிச்சு அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் அதே லேப்ல போட்டேன், அந்த தம்பி எடுப்பாப்லனு தான். அவரே வந்தார், பாப்பாவுக்கு கிலுகிலுப்பை ஆட்டுனார், ரிசல்ட்டும் நார்மல். ரிப்போர்ட் தலையில மட்டும் இன்னும் "கர்ப்பம்: 34 வாரம்"னே இருக்கு.