வங்காலைக் கரைக்கு நிக்கொன் மொனார்க் எம்5 (8×42)

வலசைக் காலத்தில் இலங்கையின் மன்னார்த் தாம்போதியிலும் வங்காலைச் சரணாலயத்திலும் பறவை பார்க்க ஒரேயொரு பைனாகுலர் வாங்குவதென்றால் நிக்கொன் மொனார்க் எம்5 வகையில் 8×42ஐயே (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை) எடுங்கள். 10×42 இன்னும் கிட்டக் காட்டும், உண்மைதான். ஆனால் அந்தத் திறந்த வெளியில் காற்று அடிக்கையில் கைநடுக்கத்தையும், வெயில் ஏறியதும் உவர்த்தரையில் எழும் கானலையும் அதுவே கூட்டிக் காட்டும். பார்வைப் பரப்பும் 6.4 பாகையிலிருந்து 5.6க்குச் சுருங்கிவிடும். திடீரென்று எழும்பும் ஊசிவால் வாத்துக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்க அகலம்தான் வேண்டும்.

இதன் பெரிய பலம் நிறம். ஒக்டோபரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் பல இன்னும் பெட்டையைப் போல மங்கிய இறகோடுதான் நிற்கும். அலகின் நிறத்தையும் கழுத்தின் நீளத்தையும் வைத்தே பிரிக்கவேண்டும். பவளக்காலியா பச்சைக்காலியா என்பதைக் காலை வெளிச்சத்தில் சந்தேகமில்லாமல் காட்டுகிறது. நிறச்சிதறலைக் குறைக்கும் இ.டி. வில்லை இருப்பதால், வானத்தில் பறக்கும் ஆலாவின் சிறகோரத்தில் ஊதாக் கோடு அதிகம் விழாது. வட்டத்தின் விளிம்பில் மட்டும் உருவம் சற்று மங்கும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையங்களை முழுதாக உள்ளே திருகிவிட்டுப் பார்க்கலாம், கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவே கிடைக்கும் 19.5 மில்லிமீற்றர் இடைவெளி தாராளம். முதலில் வலப்பக்க வில்லையை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலக்கண் பக்கத்துத் தெளிவு திருத்தும் (டையொப்டர்) வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் "படம் மங்கல்" என்று குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

எடை 630 கிராம். பகல் முழுக்கக் கழுத்தில் தொங்கினால் பிடரி வலிக்கும். தோள்களில் மாட்டும் வார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இதனால் முடியாததும் உண்டு. வங்காலை 4,839 ஹெக்டேர் பரப்புள்ள ராம்சார் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். கூட்டம் பல வேளை சேற்றின் அந்தப் பக்கம்தான் இறங்கும். பூநாரைக்கும் நண்டுதின்னிக்கும் எட்டு மடங்கு போதும். சிறிய, பெரிய மணல் உப்புக்கொத்திகளை அலகு நீளத்தால் பிரிக்கப் போதாது. அதற்கு முக்காலியில் பூட்டிய ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வேண்டும். கானல் தொடங்கிய பிறகு அதையும் முப்பது மடங்குக்கு மேல் ஏற்றிப் பயனில்லை.

உப்புப் படிந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைக்கவே வேண்டாம். உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். ரப்பர்க் குமிழால் தூசியை ஊதுங்கள். பின் நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். நீர்புகாத கட்டமைப்பு, ஈரத்துணிக்குப் பயப்படவேண்டியதில்லை.