கலக்காத பீப்பாயும் என்னுடைய 23,400 ரூபாவும்

கொழும்பில் யாராவது "வீட்டிலேயே சொஃப்ட் பிளாஸ்டிக் லூர் (மீன் பிடிக்கிற செயற்கை இரை) வார்க்கலாம், முழு செட்டும் தருகிறேன்" என்று விளம்பரம் போட்டால், வாங்கப் போகும்போது ஒரு ஈர்க்கு கொண்டுபோங்கள். விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கே போதும். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளும்.

எனக்கு இடம் கொட்டாஞ்சேனை. லீவு நாள் விடியற்காலையில் முகத்துவாரத்தில், களனி ஆறு கடலில் விழும் பக்கம், கொடுவா மீனுக்குத் தூண்டில் எறிகிற ஆள். 2022இல் டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டினதோடு வெளிநாட்டு லூர் பக்கெட்டைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொளுவி வைக்கிற நிலை வந்தது. கொடுவா அடித்துக் கிழித்தால் மனம் ஆறும். நம்முடைய கழிமுகத்தில் கிழிப்பது பேத்தை மீன். கத்தரிக்கோலால் நறுக்கினது மாதிரி வாலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு காலையில் ஆறு வால் போன அன்றுதான் நானே வார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

விளம்பரப் படத்தில் இருந்த லூர்கள் கண்ணைப் பறித்தன. இரண்டு நிறம், மெல்லிய வால், முதுகில் மினுக்கம். அப்படி வார்க்க இரண்டு பாதியாகப் பூட்டுகிற அலுமினிய அச்சும் திரவத்தை உள்ளே தள்ளுகிற சிரிஞ்சும் வேண்டும் என்பது இப்போது தெரியும். அந்த ஆள் விற்றதோ மேல்பக்கம் திறந்த சாதாரண சிலிக்கன் அச்சு. படம் அவருடையதே இல்லை என்று அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

இடம் புறக்கோட்டையில் ஒரு குறுக்குத் தெரு, மாடியில் பெயர்ப்பலகை இல்லாத அறை. 14,500 ரூபாவுக்கு 2 லீற்றர் பிளாஸ்டிசோல், மூன்று நிறம், மினுக்கத் தூள், இரண்டு அச்சு, ஜிக் ஹெட் (லூரைக் கொளுவுகிற, ஈயத் தலை வைத்த தூண்டில்) வார்க்க 2 கிலோ ஈயம். நீலப் பீப்பாய்க்குள் கைப்பம்பை விட்டு என் முன்னாலேயே கேனில் நிரப்பினார். "நேரா டிரம்ல இருந்து எடுக்கிறது தம்பி, கலப்படம் கிடையாது" என்றார். கலப்படம் இல்லைதான். கலக்கவும் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிளாஸ்டிசோல் என்பது மிக நுண்ணிய பிவிசி தூள் ஒருவகை எண்ணெய்த் திரவத்தில் மிதப்பது. பார்க்கப் பால் மாதிரி. சூடேறும்போது முதலில் கஞ்சியாக இறுகும். இன்னும் ஏற, 175 பாகை செல்சியஸ் அளவில் திரும்ப இளகித் தெளியும். அந்த நேரம் அச்சில் நூல் போல ஊற்றினால் சில நிமிடத்தில் ஆறி, உரித்தெடுக்கலாம். வேலை இவ்வளவுதான்.

அக்கா தூக்கிப்போட வைத்திருந்த பழைய மைக்ரோவேவைக் கேட்டு வாங்கி பல்கனியில் வைத்தேன். இதற்கு எடுத்தால் பிறகு சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது. சூடு தாங்கும் கண்ணாடிச் சாடி, வெப்பமானி, கையுறை, எல்லாம் முறைப்படி. கஞ்சிப் பருவம் சரியாக வரவில்லை. தண்ணீராகக் கிடந்து, கொஞ்சம் வழவழத்து, அப்படியே நின்றது. ஊற்றினேன். அரை மணித்தியாலம் கழித்து உரித்தபோது வந்தது நெய் கக்கும் தொதல். விரலில் ஒட்டுகிறது, இழுத்தால் பிய்கிறது. பத்திரிகைத் தாளில் வைத்த லூரைச் சுற்றிக் காலையில் தாளே கண்ணாடியாகி, பின்பக்கச் செய்தியை வாசிக்கலாம் போல இருந்தது. லூரில் கொஞ்சம் எண்ணெய் கசிவது வழமை, இது குளிப்பு.

வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே பதில், அன்பான பதில். "தம்பி, முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். ஹார்ட்னர் போடணும்." 1,900 ரூபா. போட்டேன், ஒரு முடி வித்தியாசம். "அச்சு நீங்க நினைக்கிற வேலைக்குச் சரிவராது, மற்ற வகை இருக்கு." 4,800. அதிலும் அதே தொதல். "அப்ப சூடு பத்தாது. இன்னும் ரெண்டு நிமிஷம் விடுங்க."

விட்டேன். வெள்ளைத் திரவம் பிளேன்டீ நிறத்துக்குப் போய்ப் புகைந்தது. கதவைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், மடத்தனம். மூக்கும் தொண்டையும் எரிந்து கண்ணீர் கொட்டியது. பிவிசி அளவுக்கு மேல் சூடானால் உடைந்து ஹைட்ரஜன் குளோரைட் வாயுவை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். கண்ணிலும் தொண்டையிலும் இருப்பது ஈரம்தானே. அடுத்த அறையில் மகள் நித்திரை. வீட்டுக்காரி அன்று என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. மஞ்சளிக்கத் தொடங்கினால் நிறுத்தி, காற்றோட்டமாக வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இன்னும் சூடாக்கு என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதைச் சொன்னபோது அவர் பதறவில்லை. "அதுக்குத்தான் ஸ்டெபிலைசர் இருக்கே தம்பி." சூடு தாங்க வைக்கிற மருந்தாம், 2,200 ரூபா. அதையும் வாங்கினேன். கூட்டிப் பாருங்கள், 23,400. ஒவ்வொரு முறையும் பிழை என் கையில் என்றே நம்பினேன். புதுசாகப் பழகிறவனுக்குத் தன் கையில்தான் முதல் சந்தேகம் வரும். அந்த ஆளுடைய முழு வியாபாரமும் அதன் மேல்தான் நடக்கிறது.

முகத்துவாரத்தில் என் பக்கத்தில் எறிகிற ஒரு நானா இருக்கிறார். கதை குறைவு. ஒரு ஞாயிறு என் தொதல் லூரைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, கேனைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். மூடியைத் திறந்தார், குலுக்கவில்லை. வேலியோரம் கிடந்த ஈர்க்கு ஒன்றைத் துடைத்து, அடி தொடும்வரை மெதுவாக விட்டு, சுற்றி ஒரு கீறு கீறி எடுத்தார். ஈர்க்கின் நுனியில் ஒன்றுமே இல்லை. மெல்லிய பால் மட்டும் வழிந்து சொட்டியது.

"மகன், இது நாள்க்கணக்கா நின்ட சாமான். அடியில மா இருக்கணுமே? எங்க மா?"

அப்போதுதான் பீப்பாய் கண்ணுக்குள் வந்தது. பிளாஸ்டிசோலை அசைக்காமல் வைத்தால் தூள் மெல்ல மெல்ல அடியில் படியும், அப்பமா அடியில் தங்குகிற மாதிரி. அதனால் பீப்பாயை நன்றாகக் கலக்கித்தான் எடுக்க வேண்டும். விற்றவருடைய பம்பின் குழாய் நின்றது மேல்பாதியில். எனக்கு விற்றது பெரும்பாலும் எண்ணெய். இறுகுவதற்கு உள்ளே தூளே இல்லாதபோது ஹார்ட்னர் எதை இறுக்கும்? மீதி எங்கே போனது என்பதும் பிறகு தெரிந்தது. எனக்குப் பின்னால் வாங்கிய தெஹிவளைப் பையன் ஒருவனுக்குக் கரண்டி நிமிர்ந்து நிற்கிற பசை. ஊற்றவே வரவில்லையாம். அவனுக்கு விற்ற மருந்து சொஃப்ட்னர்.

நானா அதோடு விடவில்லை. மறுநாள் பிஸ்கட் டின் ஒன்றைத் தந்தார். நிறைய, பேத்தை வால் கடித்த பழைய லூர்கள். உப்பைக் கழுவி, ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து, சிறிதாக வெட்டி, அதே சாடியில் அதே மைக்ரோவேவில் உருக்கி, விற்றவர் "சரிவராது" என்ற முதல் அச்சிலேயே ஊற்றினோம். பத்து நிமிடத்தில் முழுசாக உரிந்து, விரலில் வால் துடித்தது. அச்சிலும் பிழையில்லை, சூட்டிலும் பிழையில்லை. பழையதை உருக்குபவர்களுக்கு ஒன்று: இழுத்தால் பல மடங்கு நீள்கிற, தண்ணீரில் மிதக்கிற வகை லூர் வேறு பொருள். அதை இதனோடு போட்டால் இரண்டும் சேராது.

ஈயத்தின் கதை சின்னது. ஜிக் அச்சில் ஊற்றினால் தலை பாதிதான் நிரம்புகிறது. உருகிய மேல்பரப்பு பால்கஞ்சி போலக் கட்டி கட்டியாக நின்றது. ஈயம் 327 பாகையில் உருகும், நாகம் (துத்தநாகம்) 420 பாகையளவில். இரண்டும் கலந்தால் அச்சின் நுணுக்கத்துக்குள் ஓடாது. டயர்க் கடையில் சில்லைச் சமப்படுத்தப் பொருத்துகிற நிறைகளை இனம் பிரிக்காமல் உருக்கிக் கட்டியாக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டியின் ஓரத்தில் அரைகுறையாக உருகிய நிறை ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது, மேலே நாகத்துக்கான இரண்டு ஆங்கில எழுத்தும் அப்படியே. பீப்பாயைக் கலக்காததை அறியாமை என்று விடலாம் என்றிருந்தேன். இதைக் கண்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. குறட்டால் வெட்டிப் பாருங்கள்: ஈயம் சீஸ் போல வெட்டுப்படும், நாகம் மறுக்கும். சீமெந்தில் போட்டால் ஈயம் 'தொப்' என்று விழும், நாகம் கிணுகிணுக்கும். ஈயத்தை வீட்டுக்குள், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் உருக்கவே வேண்டாம். உருகிய ஈயத்தில் ஒரு துளி தண்ணீர் பட்டால் வெடித்து முகத்துக்கு வரும்.

எல்லாவற்றையும் படத்தோடு எழுதிக் காசைத் திருப்பிக் கேட்டேன். "டிரம் கலக்கிறதா? அதெல்லாம் கலக்க ஏலாது தம்பி" என்று ஒரு குரல் பதிவு. அதன் பிறகு ப்ளொக். நேரே போனேன், அறை பூட்டு. பில் என்று தந்தது கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய தொகை மட்டும், கடைப் பெயர் கிடையாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் "பழகினால் வரும்" என்று இரண்டு மாதத்தைத் தொலைத்திருந்தேன். வங்கிக்கு மாற்றிய பதிவும் அந்தக் குரல் பதிவும் இருப்பதால் ஏதோ கையில் இருக்கிறது.

வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள், பீப்பாயை உங்கள் முன்னால் கலக்கச் சொல்லுங்கள். பிறகு ஈர்க்கை விட்டுப் பாருங்கள், மேலும் கீழும் ஒரே தடிப்பாக வர வேண்டும். இரண்டு கரண்டி எடுத்து அங்கேயே சூடாக்கி ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நேரமில்லை என்றால் உங்களுக்கும் நேரமில்லை என்று இறங்கி வாருங்கள்.

போன கிழமை புது விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. வேறு பெயர், வேறு இலக்கம். "எங்கள் வாடிக்கையாளரின் கைவண்ணம்" என்று ஒரு படம்: நீலக் கட்டம் போட்ட சாரத்தின் மேல் புகைநிற லூர், வாலடியில் ஒரு சின்னக் குமிழி. சாரம் என்னுடையது. காசு கேட்டு அனுப்பிய படங்களில் கடைசிப் படம் அது, நானாவின் பிஸ்கட் டின்னில் இருந்து வார்த்த லூர்.