பென்னாகரம் சாலை சாமைக் கடை: தாராளமாக வாங்கலாம்

தருமபுரியில் பென்னாகரம் சாலையில் மகளிர் குழு ஒன்று நடத்தும் சிறுதானியக் கடையிலிருந்துதான் இப்போது எங்கள் வீட்டுக்குச் சாமையும் ராகி மாவும் வருகின்றன. மாமனாருக்குச் சர்க்கரை. பாலிஷ் போட்டு வெள்ளை வெளேரென்று விற்கும் சாமை அவருக்கு எதற்கு?

இவர்களுடைய சாமை பழுப்பாக இருக்கும், தவிடு அப்படியே ஒட்டியிருக்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்தால் குழையாமல் வேகிறது. புளிச்சக்கீரைக் கடைசல் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். கல் பொறுக்கும் வேலையே இல்லை.

“உமியை எங்க வச்சு நீக்குறீங்க அக்கா?” என்று கடையில் இருந்தவரிடம் கேட்டேன். “பின்னாடி வந்து பாரும்மா” என்று கூட்டிப் போனார். சின்ன மெஷின்தான். ஒரு பக்கம் உமி பறக்கிறது. சாய்வான தட்டு ஒன்று ஆடி ஆடிக் கல்லைத் தனியாக ஒதுக்குகிறது. எனக்கு அந்தத் தட்டை விட்டு வர மனமில்லை. நம் மலைச் சாமை உமி நீக்க நாசிக் ஆலை வரைக்கும் லாரி ஏறிப் போனது. லாபமும் அதோடு போனது. மெஷின் ஊரிலேயே இருந்தால் கூலியும் லாபமும் இங்கேயே தங்கும்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் நம் மாவட்டத்தில்தான் தொடங்கின, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரிதான். சேமிக்கவும் கணக்கு எழுதவும் பெண்கள் அதில் பழகினார்கள். ஆனால் கடன் மட்டும் கொடுத்தால் தொழில் நிற்காது. பத்துப் பேரும் ஊறுகாய் போட்டால் யார் வாங்குவது? 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்காக விவசாயிகளிடமே கொள்முதலும் நடந்தது. விற்குமா என்ற பயம் போனால்தான் ஆட்கள் துணிந்து இறங்குவார்கள். சாமைக்கும் அப்படி ஒரு கொள்முதல் வரவேண்டும்.

சரி, குறைகள். பாக்கெட்டில் அரைத்த தேதி இல்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சாமை சிக்கு வாடை அடிக்கும், தேதி அவசியம். அப்புறம், மாலை ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வந்து வாங்குவது? ஏழு வரை திறந்து வையுங்கள் அக்கா, எங்கள் அலுவலகத்திலேயே வாங்க ஆள் இருக்கிறது.