இரண்டரை அங்குலம் உயர்த்திய ரேங்லரும் அதன் ஸ்வே பார் லிங்க்குகளும்

நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும், வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்டின் விலை அண்மையில் கணிசமாகக் குறைந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, என்னைப் போலவே ஜே.கே. வகை ஜீப் ரேங்லர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "வாங்கலாமா?" என்று ஒரே சொல்லில் கேட்டார். ஒரே சொல்லில் பதிலளிக்க என்னால் முடியவில்லை. கிட்டில் என்னென்ன வருகின்றன என்பது விளம்பரத்திலேயே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். தயாரிப்பாளரின் பெயரையும் பொருத்திக்கொடுத்த பட்டறையின் பெயரையும் எழுதப் போவதில்லை. இரண்டும் நண்பருக்குத் தெரியும்.

சுருள்வில்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை காலத்தில் அவை சற்றும் தளரவில்லை. பின்பக்கம் முழுக்கக் கூடாரமும் தண்ணீர்த் தோம்புகளும் ஏற்றினாலும் வண்டி குந்துவதில்லை. சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது உயர்த்தப்பட்ட வண்டி என்ற உணர்வே எழாது. எல்லைக்கு அப்பாலுள்ள மலேசிய மாநிலமான ஜோகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளில் மழைக்குப் பிறகு செம்மண் குழிகள் ஆழமாகிவிடும். அங்கே ஷாக் அப்சார்பர்கள் காட்டும் நிதானம் வண்டியோடு வந்தவற்றிலும் மேலானது. இதே விலைக்கு இதைவிட நல்ல வில் கிடைக்குமா என்று தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

இவ்வளவு நல்ல வில்களைச் செய்யத் தெரிந்தவர்கள், அதே பெட்டியில் திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பாருக்கான அந்த இரண்டு லிங்க்குகளை ஏன் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வண்டியை இரண்டரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 64 மில்லிமீட்டர், உயர்த்தும்போது சேஸி, அதாவது அடிச்சட்டம், அச்சைவிட்டு அந்த அளவு மேலே போகிறது. ஸ்வே பார் சேஸியோடு பிணைந்திருக்கிறது; அதன் இரு கைகளையும் அச்சோடு இணைப்பவை லிங்க்குகள். லிங்க்கின் நீளம் பழையபடியே இருந்தால் பாரின் கைகள் கீழ்நோக்கி இழுபட்டுச் சரிந்து நிற்கும். சரிவு கூடக்கூடக் கைக்கும் லிங்க்குக்கும் இடையிலுள்ள கோணம் விரிந்துகொண்டே போகும். ஒரு சக்கரம் பள்ளத்தில் முழுவதுமாகத் தொங்கும் வேளையில் இரண்டும் ஏறக்குறைய நேர்க்கோட்டுக்கு வந்து, பார் மறுபுறம் மடங்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆகவே நீளமான லிங்க் ஆடம்பரம் அன்று, தேவை. பின்புறத்துக்கு இந்த கிட் சொல்லும் வழி நியாயமானது: வண்டியோடு வந்த முன் லிங்க்குகள் பின் லிங்க்குகளைவிட நீளமானவை என்பதால், அவற்றைக் கழற்றிப் பின்னால் பொருத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஜே.கே. உரிமையாளர்களிடையே பழகிப்போன முறைதான்; என் வண்டியில் பின்புறம் ஒருநாளும் சத்தம் எழுப்பியதில்லை.

சிக்கல் முழுவதும் முன்புறத்தில். கிட்டில் வந்த முன் லிங்க்குகள் நீளத்தை மாற்ற முடியாதவை. முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சுமக்கும் வண்டியை மனத்தில் வைத்து வில்லைச் செய்திருக்கிறார்கள் போலும். சிங்கப்பூரில் தினமும் வேலைக்குப் போய்வரும் என் வண்டியில் அவை இல்லை. முன்புறம் இலேசாக இருப்பதால் அதே வில் வண்டியைச் சொன்ன அளவைவிட மேலே தூக்கிவிட்டது. இரண்டரை அங்குலத்துக்கென அறுத்த லிங்க் அதற்கு எப்படிப் போதும்? போதாததற்கு, உயர்த்தும்போது, அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் டிராக் பார் முன் அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடுவதால், முன்னால் நின்று பார்த்தால் ஒரு லிங்க் உள்நோக்கியும் மற்றது வெளிநோக்கியும் சாய்ந்து நிற்கும். மேல்முனையின் பந்து மூட்டு நடுநிலையில் இல்லாமல் எப்போதும் ஓர் ஓரத்தில் இருக்க, அதன் ரப்பர் உறை முதலில் கிழிந்தது. பிறகு கிரீஸ் போயிற்று. கீழ்முனையில் புஷ்ஷின் உள்ளே இருக்கும் உலோகக் குழாய்க்கும் போல்ட்டுக்கும் இடையே கையால் அசைத்தாலே தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் நாளடைவில் திரும்பி வந்தது.

அதன் விளைவுதான் அந்த "டக்". விரைவுச்சாலையில் அது வராது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் திரும்பி ஏறும்போது, ஒரு முன்சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும் அந்த நொடியில், ஒவ்வொரு மாடிக்கும் ஒருமுறை தவறாமல் வரும். வேகத்தடையைக் குறுக்காகக் கடந்தாலும் வரும். நேராகக் கடந்தால் வராது. இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் முறுக்கப்படுவதில்லை, ஒன்று மட்டும் ஏறினால்தான் லிங்க்குக்கு வேலை வருகிறது என்பதை நினைத்தால், குற்றவாளி யார் என்பது அந்த வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும். பட்டறையில் இதை நான் விளக்கியும், ஷாக் அப்சார்பரின் மேல் புஷ்ஷையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும் மாற்றிப் பார்த்தார்கள். அவற்றுக்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் தோட்டத்துத் தனிப்பாதை ஒன்றில் இரு லிங்க்குகளையும் அச்சிலிருந்து கழற்றி, பாரை எதிலும் உரசாதபடி மேலே வாரால் கட்டிவிட்டு, நடைவேகத்தில் குழிகளில் ஏற்றி இறக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. அத்துடன், அச்சு தடையின்றிச் சாய்ந்து நான்கு சக்கரங்களும் மண்ணைவிட்டு எழாமல் நடந்த விதம், ரேங்லரின் ரூபிக்கான் வகைக்காரர்கள் முன் பாரை ஒரு பொத்தானில் பிரித்துவிடும் வசதியைப் பற்றி ஏன் அவ்வளவு பெருமை பேசுகிறார்கள் என்பதையும் புரியவைத்தது.

அப்படியானால் பாரையே எடுத்துவிடலாமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மழை கொட்டும் விரைவுச்சாலையில், முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் தடம் மாற வேண்டிய ஊரில், இவ்வளவு உயரமான வண்டியை முன் ஸ்வே பார் இல்லாமல் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அதோடு, பத்து ஆண்டு கடந்து, வாகனம் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. இந்த கிட்டோ வேறெந்த கிட்டோ, உயரத்தை மாற்றும் முன் உங்கள் வண்டிக்கு அது அனுமதிக்கப்படுமா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இப்போது என் வண்டியில் இருப்பவை வேறொருவர் செய்த, நீளம் மாற்றக்கூடிய லிங்க்குகள். டிராக் பாரையும் நீளம் மாற்றக்கூடியதாக மாற்றி அச்சை நடுவுக்குக் கொண்டுவந்தாயிற்று. பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை பல. வண்டி சமதளத்தில் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சற்றே சரிந்திருக்கும் வாகன நிறுத்துமிடத் தளம் இதற்கு உதவாது. பெட்ரோலும் வழக்கமான அளவு இருக்க வேண்டும். சிங்கப்பூர் வண்டியில் மலேசியாவுக்கு எல்லை தாண்டுபவர்கள் எப்படியும் முக்கால் தாங்கி நிரப்பியாக வேண்டும் என்பதால் நான் அந்த அளவிலேயே அளந்தேன். பாரின் கைகள் தரைக்கு ஏறக்குறைய இணையாக நிற்கும்வரை லிங்க்கை நீட்டி, இரு பக்கமும் போல்ட் கையாலேயே உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டி நுழைக்க வேண்டியிருந்தால் பார் ஏற்கெனவே முறுக்கேறி இருக்கிறது என்று பொருள். முக்கியமாக, ரப்பர் புஷ் உள்ள முனையை, வண்டியைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டில் சக்கரங்கள் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அந்த நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து விரைவில் கிழியும். என் வண்டிக்குப் பட்டறை செய்தது சரியாக அதையேதான். பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, சக்கரமோ பிரேக் குழாயோ லிங்க்கில் உரசுகிறதா என்று பார்த்து, லாக் நட்டின் மேல் சாயக் கோடு ஒன்று போட்டுவிட்டால், அது நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

"டக்" நின்றுவிட்டது. வில்கள் இன்னும் பழைய கிட்டினுடையவைதாம். அவற்றை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. குறைந்த விலையையும் கணக்கில் எடுத்தால், நல்ல லிங்க்குகளைத் தனியாக வாங்கிச் சேர்த்தாலும் மொத்தச் செலவு மற்ற கிட்டுகளைவிடக் குறைவாகவே வரும். ஆயினும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை வேறாக வரும் என்று அவர் வாதிடுவார்; அந்தச் சத்தத்தோடு மாடி மாடியாக ஏறியவர் அவர் அல்லர். மீறி வாங்கினால், நீளம் மாற்றக்கூடிய லிங்க்குகளையும் அன்றே சேர்த்துக் கேட்டுவிடுங்கள், வண்டியோடு வந்த முன் லிங்க்குகளைப் பட்டறைக்காரர் எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்புறத்துக்கு அவை வேண்டும்.